அவகாசம் சுருங்கும்போது: வல்லரசுப் போட்டி பெரும்போராவது எப்படி?

1783 ஆகஸ்டில் ஆங்கிலேயப் படைத் தளபதி கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது உள்ளே ஒரு காகிதம் அகப்பட்டது. கொழும்பிலிருந்த டச்சு அரசாங்கத்துக்கும் அந்தப் பாளையத்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் மூலப் பிரதி. வீரபாண்டிய கட்டபொம்மன் பட்டத்துக்கு வரும் முன்பு, அவருக்கு முந்தைய தலைமுறையின் காலம் அது. ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காட்டில், மண்ணால் கட்டிய கோட்டைக்குள், டச்சுக்காரர்களின் ஒப்பந்தத்துக்கு என்ன வேலை?

நூலைப் பிடித்துக்கொண்டே போனால் வட அமெரிக்கா வரை போகிறது. 1775இல் அங்கிருந்த குடியேற்றங்கள் வரித் தகராறில் பிரிட்டனை எதிர்த்துக் கிளம்பின. 1763இல் பிரிட்டனிடம் தோற்றுப் பழிவாங்கக் காத்திருந்த பிரான்ஸ் 1778இல் கலகக்காரர்களோடு சேர்ந்தது. டச்சுக்காரர்கள் நடுநிலை என்று சொல்லிக்கொண்டு பிரிட்டனின் எதிரிகளோடும் வியாபாரம் செய்தார்கள். அதைப் பொறுக்காமல் 1780 டிசம்பரில் பிரிட்டன் அவர்கள் மீதும் போர் அறிவித்தது. முத்துக்கும் சங்குக்கும் துணிக்குமாக 1658 முதல் டச்சுக்காரர்கள் வைத்திருந்த தூத்துக்குடி, 1782இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இடத்தை இழந்த டச்சுக்காரர்களுக்கு இந்தக் கரையில் ஒரு கூட்டாளி வேண்டும். வரி கேட்டு நெருக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தள்ளி நிறுத்தப் பாளையத்துக்கும் ஒரு கூட்டாளி வேண்டும். அந்தக் காகிதம் அப்படி வந்தது.

வல்லரசுப் போட்டி என்பது எங்கோ தொலைவில், பெரிய மனிதர்களுக்குள் நடக்கும் சங்கதி என்ற எண்ணம் நெல்லைச் சீமைக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை. பெரும்போர்கள் எல்லாமே கடைசியில் ஏதாவது ஒரு கரையில் நம் வாசலுக்கு வந்திருக்கின்றன. போட்டி எந்தக் கட்டத்தில் போராக மாறுகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வல்லரசு என்பது வெறும் பெரிய நாடு அல்ல. தன் எல்லைக்கு அப்பால் நெடுந்தூரம் படையை அனுப்பி, அங்கேயே சோறும் தோட்டாவும் கொடுத்து, மாதக்கணக்கில் சண்டையிட வைக்க முடிந்த நாடுதான் வல்லரசு. அப்படிப்பட்ட பலர் ஒரே நேரத்தில், பல கண்டங்களில் மோதிக்கொள்வது பெரும்போர்.

பயம் எங்கிருந்து வருகிறது

ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்துச் செம்மண் பூமியில் அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 300 அடிக்கு போர்வெல் போடுகிறார். தன் பயிர் காயக்கூடாது, வேறு எண்ணம் எதுவும் இல்லை. அடுத்த கோடையில் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுகிறது. அவர் கடன் வாங்கி 500 அடி இறக்குகிறார். இப்போது முதல் ஆளின் போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. அவர் 800 அடிக்கு வண்டியை வரவழைக்கிறார். இருவருமே தற்காப்புக்குத்தான் தோண்டினார்கள். இருவருக்குமே அடுத்தவர் செய்தது தாக்குதலாகத் தெரிகிறது. இரண்டு பேர் நகையும் அடகில், நிலத்தடியில் தண்ணீர் முன்னைவிடக் குறைவு.

நாடுகளுக்கிடையே இதையே பாதுகாப்புச் சிக்கல் என்று சொல்வார்கள். என் பாதுகாப்புக்கு நான் சேர்க்கும் ஒவ்வொன்றும் உன் பாதுகாப்பைக் குறைக்கிறது. பீரங்கியைப் பார்த்து அது காவலுக்கா களவுக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று காவலுக்கு என்பதை நம்பினாலும், நாளை அதே பீரங்கி வேறொரு தலைவர் கையில் இருக்கும்.

தோட்டக்காரர்களுக்காவது மேலே ஆள் உண்டு. தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம், காவல் நிலையம் போகலாம், கோர்ட்டில் இருபது வருஷம் இழுக்கலாம். வல்லரசுகளுக்கு மேலே தாசில்தார் கிடையாது. 1945இல் உருவான ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளுக்குத் தடை வாக்கு உண்டு. எவரிடமிருந்து உலகத்தைக் காக்க வேண்டுமோ அவர்களில் பலர் அந்த ஐவருக்குள்தான் இருக்கிறார்கள். எனவே ஒவ்வொரு வல்லரசும் தன் பலத்தையும் தான் சேர்த்த கூட்டாளிகளையும் மட்டுமே நம்புகிறது.

1914க்கு முந்தைய கடற்படைப் போட்டி இதற்கு நல்ல பாடம். பிரிட்டன் தீவு. தின்னும் கோதுமையில் பெரும்பகுதி கப்பலில்தான் வரும். கடல் போனால் சோறு போனது. அதனால் தனக்கு அடுத்த இரண்டு கடற்படைகளைச் சேர்த்தாலும் தன்னுடையது குறையக்கூடாது என்று 1889இல் சட்டமே போட்டது. ஜெர்மனிக்கோ ஐரோப்பாவிலேயே வலிமையான தரைப்படை இருந்தது. கடற்படை அதற்குக் கௌரவமும் பேரம்பேசும் கருவியும். 1898, 1900 ஆண்டுகளில் சட்டம் இயற்றிக் கப்பல் கட்ட ஆரம்பித்தது. லண்டன் அதைக் கௌரவமாகப் பார்க்கவில்லை. தரையில் ஏற்கெனவே அசைக்க முடியாதவன் கடலுக்கும் வருகிறான் என்றுதான் பார்த்தது.

1906இல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற கப்பலை இறக்கியது. அதற்கு முன் போர்க்கப்பல்களில் 12 அங்குலப் பீரங்கிகள் 4தான் இருக்கும். இதில் 10. வேகம் 21 நாட், அதாவது மணிக்கு 21 கடல் மைல். அன்றோடு உலகத்தின் பழைய போர்க்கப்பல்கள் அத்தனையும் பழசாகின. பிரிட்டன் நூற்றாண்டாகச் சேர்த்த முன்னிலையும் அதில் சேர்த்தி. புதுக் கணக்கில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். ஜெர்மனிக்கு எட்டிப்பிடிக்க வழி பிறந்தது. 1909இல் லண்டனில் பீதி கிளம்பியது. 4 கப்பலா 6 கப்பலா என்று விவாதித்த அரசாங்கம், கடைசியில் 8 கட்டியது. பயம் கணக்குப் போடும் விதம் அப்படித்தான்.

ஆனால் ஆயுதப் போட்டியே போரைக் கொண்டுவந்தது என்று முடித்துவிட்டால் தவறு. 1912க்குப் பிறகு ஜெர்மனி பணத்தைத் தரைப்படைக்குத் திருப்பியது. கடலில் பந்தயம் ஏறக்குறைய பிரிட்டன் பக்கம் முடிந்துவிட்டது. போர் வந்தது அதன் பிறகு. கப்பல் போட்டி விட்டுப்போனது ஒன்றே ஒன்று: ஒரு தகராறு வந்தால் பிரிட்டன் எந்தப் பக்கம் நிற்கும் என்ற கேள்விக்கான விடை.

கூட்டாளி காக்கவும் செய்வான், இழுக்கவும் செய்வான்

1750களில் நெல்லைச் சீமைப் பாளையங்கள் இரண்டு அணியாக இருந்தன. மேற்கே நெற்கட்டான்செவல் பூலித்தேவர் தலைமை, கிழக்கே பாஞ்சாலங்குறிச்சித் தலைமை. ஒரு அணி எங்கே நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் மற்ற அணி. கம்பெனியோடு சேர்வதா எதிர்ப்பதா என்பதுகூடப் பல நேரம் இந்தக் கணக்கில்தான் முடிவானது. அதனால்தான் ஒரு காலத்தில் பூலித்தேவருக்கு எதிராகக் கம்பெனி பக்கம் சாய்ந்த பாஞ்சாலங்குறிச்சியே 1783இல் டச்சு ஒப்பந்தத்தோடு பிடிபட்டது.

ஐரோப்பாவிலும் இதே கதை. 1879இல் ஜெர்மனியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் சேர்ந்தன. 1882இல் இத்தாலி ஒட்டிக்கொண்டது. ரஷ்யாவோடு இருந்த ரகசிய ஏற்பாட்டை ஜெர்மனி 1890இல் புதுப்பிக்காமல் விட்டது. என் கணிப்பில் அந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த பெரிய பிசகு இதுதான். நான்கே ஆண்டில், மன்னராட்சி ரஷ்யாவும் குடியரசு பிரான்ஸும், கொள்கையில் எண்ணெயும் தண்ணீருமான இரண்டும், கைகோத்துவிட்டன. ஜெர்மனிக்கு இரண்டு பக்கமும் எதிரி. 1904இல் பிரிட்டன் பிரான்ஸோடும், 1907இல் ரஷ்யாவோடும் பழைய தகராறுகளைத் தீர்த்துக்கொண்டது.

கூட்டணிக்கு இரண்டு குணம் உண்டு. எதிரியைத் தயங்க வைக்கும். கூட்டாளியைத் துணிய வைக்கும். 1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் கொல்லப்பட்ட பிறகு, ஜூலை 5இல் ஜெர்மன் மன்னர் ஆஸ்திரியாவிடம் என்ன செய்தாலும் பின்னால் நிற்கிறேன் என்று சொன்னார். தொகை எழுதாத காசோலையில் போட்ட கையெழுத்து. அவருக்கு வேறு வழி இருந்ததா? ஆஸ்திரியாவை விட்டால் நம்பிக்கையான கூட்டாளி யாருமில்லை. ஒரே கூட்டாளியை வைத்திருப்பவன் அந்தக் கூட்டாளி போகும் இடத்துக்கெல்லாம் போக வேண்டியிருக்கும்.

உறவுமுறை காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இங்கே தோற்றது. பிரிட்டன் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் ஜெர்மன் மன்னர் வில்லியமும் விக்டோரியா ராணியின் பேரன்கள். ரஷ்யாவின் ஜார் நிக்கோலாஸும் ஜார்ஜும் அக்கா தங்கை பிள்ளைகள். சம்பந்தம் செய்துகொண்டால் பகை தீரும் என்று நம்மூரில் சொல்லும்போது இந்த மூவரையும் நினைத்துக்கொள்ளலாம். வியாபாரமும் அப்படியே. பிரிட்டனும் ஜெர்மனியும் ஒருவருக்கொருவர் பெரிய வாடிக்கையாளர்கள். ஜெர்மன் கப்பல்களில் பலவற்றுக்கு லண்டனில்தான் காப்பீடு.

இப்போது விட்டால் பிறகு முடியாது

மேலே வரும் நாடு பொறுமையாக இருக்கலாம்; காலம் அதன் பக்கம். கீழே இறங்கும் நாட்டுக்குத்தான் அவசரம். ஏதென்ஸ் வளர்ந்ததும் அதைக் கண்டு ஸ்பார்ட்டா பயந்ததும்தான் கி.மு. 431இல் தொடங்கிய போருக்கு உண்மைக் காரணம் என்று அந்தக் காலத்துக் கிரேக்க வரலாற்றாசிரியரே எழுதிவைத்தார். கடந்த 500 ஆண்டுகளில் இப்படிப்பட்ட 16 போட்டிகளில் 12 போரில் முடிந்தன என்று ஒரு கணக்கும் இப்போது அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. எதை எண்ணுவது, எதை விடுவது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும் என்பதால் அதைச் சோதிடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கா வளர்ந்தபோது பிரிட்டன் 1895 வெனிசுலா எல்லைத் தகராறு முதல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து ஒதுங்கியது. போர் வரவில்லை.

1914இல் பயந்தது ஜெர்மனி. பிரெஞ்சுக் கடனில் ரஷ்யா தன் மேற்கு எல்லைக்கு ரயில் பாதைகள் போட்டுக்கொண்டிருந்தது. 1917க்குள் முடிய வேண்டிய படை விரிவாக்கத் திட்டமும் கையில் இருந்தது. போர் எப்படியும் வரத்தான் போகிறது, வருவது இப்போதே வரட்டும் என்று பெர்லின் தளபதிகள் பேசினார்கள். இந்த வாசகம் ஒரு தலைநகரத்தில் கேட்க ஆரம்பித்தால், அது பீரங்கி எண்ணிக்கையைவிட ஆபத்தான அடையாளம்.

ஜப்பானின் கதை இன்னும் துல்லியம். எண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும் அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. ஆகஸ்ட் 1இல் எண்ணெயும் நின்றது. கையிருப்பு இரண்டு ஆண்டுக்குள் தீரும். ஒவ்வொரு நாளும் தொட்டி குறைகிறது, ஒவ்வொரு மாதமும் அமெரிக்கக் கடற்படை பெருகுகிறது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெயைப் பிடிக்கலாம் என்றால் வழியில் அமெரிக்கக் கப்பற்படை. டிசம்பர் 7இல் பேர்ல் ஹார்பர் அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. அடுத்த ஆண்டு ஜப்பான் படைக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து தமிழர்கள் காடு மலை கடந்து நடந்தே ஊர் திரும்பியதற்கு அந்த எண்ணெய்த் தொட்டியும் ஒரு காரணம்.

இதோடு இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின் சோதனைக்கூடம் இருக்கும் மகேந்திரகிரியை ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். 1991இல் இந்தியா சோவியத் யூனியனிடம் கிரையோஜெனிக் என்ஜினும் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் என்ஜின்) தொழில்நுட்பமும் வாங்க ஒப்பந்தம் போட்டது. ஏவுகணைக்குப் பயன்படும் என்று சொல்லி 1992இல் அமெரிக்கா தடை விதித்தது. 1993இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்து, செய்து முடித்த என்ஜின்களை மட்டும் தர ஒத்துக்கொண்டது. பணகுடி பக்கத்து மலையடியில் ஆண்டுக்கணக்காகச் சோதித்து, 2014 ஜனவரியில் சொந்த என்ஜினோடு ராக்கெட் வெற்றியாகப் பறந்தது. மறுக்கப்பட்டவன் எல்லாம் போருக்குப் போவதில்லை. இஸ்ரோவுக்கு இருபது ஆண்டு அவகாசம் இருந்தது. ஜப்பானின் தொட்டிக்கு இல்லை.

கால்நாட்டிய பிறகு

பயம், கூட்டணி, அவசரம் மூன்றும் ஆண்டுக்கணக்கில் ஊறிக் கிடக்கும். அவற்றைப் பற்றவைப்பது கடிகாரம். 1914 கோடையின் நாள்காட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் புரட்டலாம்.

கொலை ஜூன் 28. அதன் பிறகு 25 நாள் வெளியே தெரியும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தலைவர்கள் விடுமுறைக்குப் போனார்கள். கொலைக்குப் பின்னால் செர்பியா இருப்பதாகச் சொல்லி, ஜூலை 23 மாலை ஆஸ்திரியா அதற்கு 10 கோரிக்கைகளும் 48 மணி நேரக் கெடுவும் கொடுத்தது. செர்பியா பெரும்பாலானவற்றை ஏற்று, தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணை நடத்துவதை மட்டும் மறுத்தது. 28இல் போர் அறிவிப்பு. 29 இரவு ஜெர்மன் மன்னரிடமிருந்து தந்தி வந்ததும், செர்பியாவுக்குத் துணைநின்ற ரஷ்யாவின் முழுப்படைத் திரட்டல் உத்தரவை ஜார் நிறுத்தினார். மறுநாள் பிற்பகல் தளபதிகளும் மந்திரிகளும் நெருக்கியதும் மீண்டும் கையெழுத்துப் போட்டார். 31இல் ஜெர்மனி ரஷ்யாவுக்குக் கொடுத்த கெடு 12 மணி நேரம். ஆகஸ்ட் 2 இரவு பெல்ஜியத்துக்குக் கொடுத்ததும் 12 மணி நேரம். 4ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனிக்குக் கொடுத்தது அன்று நள்ளிரவு வரை. கெடு 48 மணியிலிருந்து சில மணிக்கு எப்படிச் சுருங்கியது பாருங்கள்.

சுருக்கியது ரயில். படைத் திரட்டல் என்றால் லட்சக்கணக்கான ரிசர்வ் ஆட்களை ஊர் ஊராக அழைத்து, உடுப்பும் துப்பாக்கியும் கொடுத்து, குதிரையும் தீவனமும் சேர்த்து, ஆயிரக்கணக்கான ரயில்களில் எல்லைக்கு அனுப்புவது. எந்தப் பாலத்தை எந்த ரயில் எத்தனை மணிக்குக் கடக்கும் என்று வருஷக்கணக்கில் எழுதிவைத்த அட்டவணை. பாதியில் நிறுத்தினால் பெட்டிகள் ஓரிடத்தில், ஆட்கள் ஓரிடத்தில், குதிரைகள் வேறிடத்தில். கோயில் கொடைக்குக் கால்நாட்டிய பிறகு நிறுத்த யாருக்கும் துணிவு வராது. கொடையை நிறுத்தினால் சாமி குற்றம். படைத் திரட்டலை நிறுத்தினால் எதிரி முந்திவிடுவான்.

ஜெர்மன் திட்டம் எல்லாவற்றிலும் இறுக்கம். ரஷ்யா பெரிய நாடு, பாதைகள் குறைவு, தயாராக ஏறத்தாழ 6 வாரம் ஆகும். அதற்குள் பெல்ஜியம் வழியாகப் பிரான்ஸை முறித்துவிட்டு, அதே ரயில்களில் கிழக்கே திரும்ப வேண்டும். ஆக, ரஷ்யா திரட்டத் தொடங்கிய ஒவ்வொரு நாளும் ஜெர்மனியின் 6 வாரத்தில் ஒரு நாள் குறைவு. மற்ற நாடுகள் படையைத் திரட்டிவிட்டு எல்லையில் நின்று பேசலாம். ஜெர்மனியால் முடியாது. திரட்டிய முதல் சில நாள்களுக்குள் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளைப் பிடித்தாக வேண்டும். அது அந்த வழியின் பூட்டு. ஆகஸ்ட் 1இல் மன்னரே, பிரான்ஸை விட்டுவிட்டுப் படையைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று கேட்டார். முடியாது, ஏற்பாட்டை மாற்றினால் மிஞ்சுவது கட்டுக்கோப்பில்லாத கூட்டம்தான் என்றார் தளபதி மோல்ட்கே. ஒரு பேரரசரின் விருப்பத்தை ரயில் கால அட்டவணை தோற்கடித்த நாள் அது. ரஷ்யாவோடு தகராறு என்றாலும் பிரான்ஸ் மீது பாய வேண்டும், பிரான்ஸ் மீது பாய பெல்ஜியத்தை மிதிக்க வேண்டும், பெல்ஜியத்தை மிதித்தால், அதன் நடுநிலையைக் காப்பதாக ஒப்புக்கொண்ட 1839 உடன்படிக்கைப்படி பிரிட்டன் வரும். செர்பியா இருக்கும் பால்கன் மூலையில் முடிய வேண்டியதை உலகப் போராக்கியது இந்த அட்டவணைச் சங்கிலி.

இந்தியாவை யாரும் கேட்கவில்லை. பிரிட்டன் போர் என்றதும் இந்தியாவும் போரில். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள், ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. கில்லாடியான ஆளை இன்றும் 'பெரிய எம்டன்' என்கிறோமே, அது அந்தப் போர் தமிழுக்கு விட்டுப்போன சொல்.

அணுகுண்டும் விஜயநாராயணமும்

1945க்குப் பிறகு வல்லரசுகள் நேருக்கு நேர் பெரும்போர் நடத்தவில்லை. வென்றாலும் வாழ ஊர் இருக்காது என்பதே பெரிய காரணம். ஆனால் அணு ஆயுதம் கடிகாரத்தை இன்னும் முடுக்கியது. வாரக்கணக்கு ரயில் போய், நிமிடக் கணக்கு ஏவுகணை வந்தது. சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் எழுந்த 1962 நெருக்கடியில், சோவியத் தலைவர் குருஷ்சேவின் ஒரு நீண்ட கடிதம் வாஷிங்டனுக்கு வந்துசேர்ந்து படித்து முடிக்கவே கிட்டத்தட்ட 12 மணி நேரம் பிடித்தது. அக்டோபர் 27இல் கடலுக்கடியில் அமெரிக்கக் கப்பல்களால் நெருக்கப்பட்ட ஒரு சோவியத் நீர்மூழ்கியில் அணு டார்பிடோவைச் செலுத்தலாமா என்ற பேச்சு எழுந்தது. வாசிலி அர்க்கிப்போவ் என்ற அதிகாரி சம்மதிக்கவில்லை. அடுத்த ஆண்டே வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு போட்டார்கள். சினிமாவில் காட்டும் சிவப்பு டெலிபோன் அல்ல அது, எழுத்தாக அடித்து அனுப்பும் டெலிபிரிண்டர். பேச்சில் கோபம் தெறிக்கும். எழுதும்போது யோசிக்க நேரம் கிடைக்கும்.

எல்லைக் கோட்டுக்கு 2 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்ற 1996 இந்திய-சீன உடன்பாடும் இந்த வகைத் தடைக்கட்டைதான். 2020 ஜூனில் கல்வானில் இந்திய வீரர்கள் 20 பேர் இறந்தார்கள், ஒருவர் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்த இரவிலும் துப்பாக்கி வெடிக்கவில்லை. மோதலை அந்த உடன்பாடு தடுக்கவில்லை. மோதல் போராகும் முன் பேச நேரம் கொடுத்தது.

அணு ஆயுத நாடு எதற்கு அவசரப்படும்? தன் ஏவுகணைகளை எதிரி முதல் அடியிலேயே அழித்துவிடுவான் என்ற பயம் வந்தால். பயன்படுத்து, இல்லையேல் இழப்பாய் என்ற நிலை 1914 ரயிலைவிடக் கொடியது. அதற்குக் கண்ட மாற்று, ஆயுதத்தில் ஒரு பங்கைக் கடலுக்கடியில், யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத நீர்மூழ்கியில் வைப்பது. அடி விழுந்த பிறகும் திருப்பி அடிக்க முடியும் என்றால் முந்திக்கொள்ள வேண்டியதில்லை. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று 2003இல் இந்தியா அறிவித்த கொள்கைக்கும் இதுவே முதுகெலும்பு. அரிஹந்த் நீர்மூழ்கி தன் முதல் அணு ரோந்தை முடித்ததாக 2018 நவம்பரில் அறிவிப்பு வந்தது.

மறைந்திருக்கும் நீர்மூழ்கிக்குச் சேதி எப்படிச் சொல்வது? சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் நுழைந்ததும் செத்துவிடும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையான மிகத் தாழ்ந்த அலைவரிசை சில பத்து மீட்டர் ஆழம்வரை இறங்கும். அதில் குரல் போகாது, எழுத்துதான், அதுவும் மெதுவாக. நீர்மூழ்கி கேட்கலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. அலையின் நீளம் கிலோமீட்டர் கணக்கில் இருப்பதால் வானளாவிய கோபுரங்களும் பரந்த நிலமும் வேண்டும்.

அந்தக் கோபுரங்கள் நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் 1990 முதல் நிற்கின்றன. கடற்படைத் தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.